தொகுப்பை நீக்கிய பிறகும் /ஈடிசியில் கிடக்கும் கோப்புகள்: பர்ஜ் செய்வதா, விட்டுவைப்பதா?

புதுநிர்வாகி:

வணக்கம். ஒரு பழைய டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எனக்கு முன்னால் பலர் பார்த்துக்கொண்டது. பதிப்பு மேல் பதிப்பாக மேம்படுத்தியே வந்திருக்கிறார்கள், ஒருமுறைகூடப் புதிதாக நிறுவவில்லை. தொகுப்புகளை நிறுவி நீக்கும் டிபிகேஜி கருவியில் 'டிபிகேஜி --லிஸ்ட்' கொடுத்தால் பெரும்பாலான வரிகள் 'ஐஐ' என்று தொடங்குகின்றன, சரி. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் 'ஆர்சி' என்று நிற்கின்றன. பழைய கெர்னல்கள், பிஎச்பி 5, பிஎச்பி 7, எக்ஸிம், மைஎஸ்கியூஎல், அப்புறம் பெயரே கேள்விப்படாத லைப்ரரிகள். எப்போதோ நீக்கப்பட்டவை என்று புரிகிறது. பிறகு ஏன் இன்னும் பட்டியலில் இருக்கின்றன?

தேடிப் பார்த்தால், ஆர்சி வரிகளை எல்லாம் பொறுக்கி ஒரே அடியில் பர்ஜ் (அமைவுக் கோப்புகளோடு சேர்த்து நீக்குவது) செய்யும் ஒற்றை வரிக் கட்டளை பல இடங்களில் கிடைக்கிறது. கூட வேலை செய்பவரோ, "அதெல்லாம் எதற்கு, /ஈடிசிக்குள் போய் அந்த அடைவுகளை ஆர்எம் போட்டுவிடு" என்கிறார், அதாவது அமைவுக் கோப்புகள் இருக்கும் இடத்தில் நேரடியாக அழிக்கச் சொல்கிறார். எது சரி? அல்லது தொடாமலே விட்டுவிடலாமா?

(கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பதில் தருபவர்களும் அப்படியே எழுதினால் போதும், டெர்மினலில் நான் மாற்றி அடித்துக்கொள்கிறேன்.)


டெபியன்தாத்தா:

முதலில் அந்த இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது. இரண்டாவது, இப்போது என்ன நிலை என்பது. 'ஐஐ' என்றால் நிறுவச் சொன்னீர்கள், நிறுவப்பட்டிருக்கிறது. 'ஆர்சி' என்றால் நீக்கச் சொன்னீர்கள், நிரல் போய்விட்டது, கான்ஃபிக் (அமைவுக் கோப்புகள்) மட்டும் மிச்சம் இருக்கிறது.

இது டிபிகேஜியின் சோம்பேறித்தனம் இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. டெபியன் கொள்கைக் கையேட்டில் 10.7.3 என்ற பகுதியைப் பாருங்கள். மேம்படுத்தும்போது நிர்வாகி செய்த மாற்றங்கள் அழியக் கூடாது, தொகுப்பை நீக்கும்போது அமைவுக் கோப்புகள் அப்படியே இருக்க வேண்டும், பர்ஜ் கேட்டால் மட்டுமே அவை போக வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. டிபிகேஜியை இயக்கும் ஆப்ட் கருவியில் 'ஆப்ட் ரிமூவ்', 'ஆப்ட் பர்ஜ்' என்று இரண்டு கட்டளைகள் இருப்பதே இதற்காகத்தான். ஒரு தொகுப்பு நீங்கள் கேட்காமலேகூட நீக்கப்படலாம். இரண்டும் மெயில் சர்வர்கள் என்பதால், போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினால் எக்ஸிம் வெளியே போகும். உங்கள் பட்டியலில் எக்ஸிம் ஆர்சியாக நிற்பது அநேகமாக இப்படித்தான். நாளைக்கு மனம் மாறித் திரும்பப் போனால், மாதக்கணக்கில் செதுக்கிய அமைவு அதே இடத்தில் இருக்கும்.

இன்னொன்று. ஆர்சி என்று நின்றாலே /ஈடிசியில் ஏதோ கோப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தொகுப்போடு 'போஸ்ட்ஆர்எம்' (நீக்கிய பின் ஓடும்) ஸ்கிரிப்ட் வந்திருந்தால், பர்ஜ் நேரத்தில் அதை ஓட்ட வேண்டியிருக்கும் என்பதற்காகவும் டிபிகேஜி அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும். உங்கள் பழைய கெர்னல்களும் லைப்ரரிகளும் பெரும்பாலும் இந்த வகை. கான்ஃபிக்கும் இல்லை, போஸ்ட்ஆர்எம்மும் இல்லை என்றால் ரிமூவ் செய்த உடனேயே பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். சில தொகுப்புகள் சுவடே இல்லாமல் மறைவதும் சில ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.


வெட்டிவிடு:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஒற்றை வரிக் கட்டளையைப் போட்டு எல்லாவற்றையும் பர்ஜ் செய்யுங்கள். நான் ரிமூவ் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை, எப்போதும் பர்ஜ்தான். 'ஆப்ட்::கெட்::பர்ஜ்' என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்துவிட்டால் ரிமூவ் கொடுத்தாலும் பர்ஜாகவே நடக்கும். என் எந்த மெஷினிலும் ஆர்சி வரி ஒன்றுகூட இருக்காது.


இரவுப்பணி:

> ஒற்றை வரிக் கட்டளையைப் போட்டு எல்லாவற்றையும் பர்ஜ் செய்யுங்கள்

வெட்டிவிடு, உங்கள் சொந்த லேப்டாப்பில் செய்யுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். புதுநிர்வாகி சொல்வது பல கை மாறிய சர்வர். அதில் மைஎஸ்கியூஎல் ஆர்சியாக நிற்கிறது. அங்கே அதிலிருந்து பிரிந்த டேட்டாபேஸான மரியாடிபி ஓடுகிறதா என்று யாராவது கேட்டீர்களா? இரண்டுமே தரவை /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் என்ற ஒரே அடைவில்தான் வைக்கும்.

பர்ஜ் என்பது கான்ஃபிக்கை மட்டும் அழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்டை 'பர்ஜ்' என்ற சொல்லோடு ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டுகிறது, அவ்வளவுதான். அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்பது அதை எழுதியவர் கையில். பதிவுக் கோப்புகளை அழிக்கலாம், /வார்/லிப்புக்குள் இருக்கும் தரவை அழிக்கலாம். டெபியனின் டேட்டாபேஸ் தொகுப்புகள் "தரவையும் அழிக்கவா?" என்று கேட்கும். போஸ்ட்கிரெஸும் கேட்கும், மைஎஸ்கியூஎல்லும் கேட்கும். ஆனால் நூறு தொகுப்புகளை ஒரே மூச்சில் பர்ஜ் செய்யும்போது நடுவில் வரும் அந்த நீலத் திரையை எத்தனை பேர் படித்துவிட்டு என்டர் தட்டுகிறார்கள்? வெளியிடங்களிலிருந்து இறக்கி நிறுவிய டெப் கோப்புகள் என்றால் கேட்கும் என்ற உறுதியும் இல்லை. உள்ளே ஒரு 'ஆர்எம் -ஆர்எஃப்' சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே சந்தேகமான ஒவ்வொன்றுக்கும் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவுக்குள் போய், தொகுப்பின் பெயரோடு இருக்கும் போஸ்ட்ஆர்எம் கோப்பைத் திறந்து படியுங்கள். சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட்தான். பர்ஜ் என்ற பிரிவு எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும்.


வெட்டிவிடு:

சரி, டேட்டாபேஸ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைப்ரரிக்கும் கெர்னலுக்கும் இந்தப் பயம் தேவையில்லை.


இரவுப்பணி:

அதற்கு நானும் பயப்படவில்லை. பழைய லைப்ரரிகளின் போஸ்ட்ஆர்எம்மில் பெரும்பாலும், லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எல்டிகான்ஃபிக்' என்ற ஒரு வரிதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பர்ஜ் செய்யலாம்.


வலைப்பின்னல்:

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், கிட்டத்தட்ட இதே விஷயம்தான். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கான்ஃபிக் குழம்பிப்போனது. சுத்தமாகத் தொடங்கலாம் என்று 'ஆப்ட் ரிமூவ் என்ஜின்எக்ஸ்' கொடுத்து, /ஈடிசி/என்ஜின்எக்ஸ் அடைவையும் ஆர்எம் செய்துவிட்டு மறுபடி நிறுவினேன். இப்போது அந்த அடைவில் என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்பே வரவில்லை, சர்வீஸ் எழ மறுக்கிறது. 'ஆப்ட் பர்ஜ் என்ஜின்எக்ஸ்' செய்து மீண்டும் நிறுவினாலும் அதே கதை. ஆப்ட் பழுதாகிவிட்டதா?


டெபியன்தாத்தா:

ஆப்ட் பழுதாகவில்லை தம்பி, சொன்னதைச் சரியாகவே செய்கிறது. புதுநிர்வாகியின் நண்பர் சொன்ன ஆர்எம் யோசனை ஏன் வேண்டாம் என்பதற்கும் இதே பதில்தான்.

தொகுப்போடு வரும் அமைவுக் கோப்புகளை டிபிகேஜி 'கான்ஃப்ஃபைல்' என்று தனியாகக் குறித்துவைக்கும். ஒவ்வொன்றின் எம்டி5 மதிப்பும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் கோப்பில் பதிவாகியிருக்கும். நீங்கள் கோப்பைத் திருத்தினீர்களா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. மேம்படுத்தும்போது "உன் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா, வித்தியாசம் காட்டவா" என்று கேட்கும் கேள்வி அங்கிருந்து வருகிறது. பதிவு இருக்கிறது, ஆனால் வட்டில் கோப்பு இல்லை என்றால்? நிர்வாகி வேண்டுமென்றே அழித்திருக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். அழித்ததும் ஒரு திருத்தம்தானே, அதை மதிக்க வேண்டுமே! அதனால் மறுபடி நிறுவினாலும் கோப்பைத் திரும்ப வைக்காது.

பிறகு ஏன் பர்ஜ் செய்தும் சரியாகவில்லை? அந்தக் கோப்பு 'என்ஜின்எக்ஸ்' என்ற தொகுப்புக்குச் சொந்தமில்லை. 'என்ஜின்எக்ஸ்-காமன்' என்ற இன்னொன்றுக்குச் சொந்தம். 'டிபிகேஜி --சர்ச் /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/என்ஜின்எக்ஸ்.கான்ஃப்' கொடுத்தால் உரிமையாளர் யார் என்று சொல்லும். வட்டில் கோப்பு இல்லாவிட்டாலும் சொல்லும்.

இரண்டு வழி. என்ஜின்எக்ஸ்-காமனையும் சேர்த்துப் பர்ஜ் செய்துவிட்டு நிறுவலாம். பழைய பதிவு போய்விடுவதால் கோப்புகள் புதிதாக வரும். நீக்க விருப்பமில்லை என்றால், அதை ரீஇன்ஸ்டால் செய்யும்போது டிபிகேஜிக்கு '--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்ற தேர்வைக் கொடுங்கள். காணாமல் போன கான்ஃப்ஃபைல்களை மட்டும் திரும்ப வைக்கும், திருத்திய மற்றவற்றைத் தொடாது. ஆப்ட் வழியாகக் கொடுக்க, '-ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=' என்று எழுதி அதற்குப் பின்னால் ஒட்டவேண்டும்.


வலைப்பின்னல்:

கான்ஃப்மிஸ் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. நன்றி ஐயா!


கருந்திரை:

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு, புதியவர்கள் அதில்தான் அதிகம் மாட்டுவார்கள். "நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், அதே பிழை வருகிறது" என்பார்கள். ரிமூவ் கான்ஃபிக்கைத் தொடவே இல்லை, அதே கோணல் கோப்பு அங்கேயே இருக்கிறது, புதிய நிரல் வந்து அதையே படிக்கிறது. பிழை எப்படிப் போகும்? விண்டோஸிலிருந்து வந்த பழக்கம். அங்கும் நீக்கினால் எல்லாம் போவதில்லை, அது வேறு விஷயம்.


தொப்பிக்காரர்:

ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் தொகுப்புக் கருவியான ஆர்பிஎம்மில் பர்ஜ் என்ற ஒன்றே கிடையாது. தொகுப்பை நீக்கும்போது, கான்ஃபிக் என்று குறிக்கப்பட்ட கோப்பை நீங்கள் திருத்தவே இல்லை என்றால் அதுவும் சேர்ந்து போய்விடும். திருத்தியிருந்தால் '.ஆர்பிஎம்சேவ்' என்ற வாலோடு பெயர் மாறி அதே இடத்தில் கிடக்கும். ஆகவே ஆர்சி போன்ற பாதி நிலை எங்களுக்கு இல்லை. தொகுப்பு இருக்கிறது அல்லது இல்லை.

நல்லது கெட்டது இரண்டும் உண்டு. மறுபடி நிறுவினால் புதிய கோப்பு சுத்தமாக வரும், கருந்திரை சொன்ன தொல்லை இல்லை. ஆனால் பழைய அமைவு தானாகத் திரும்பாது, சேவ் கோப்பை நீங்கள்தான் தேடிப் பெயர் மாற்ற வேண்டும். நீக்கிய பின் அந்தக் கோப்பு எந்தத் தொகுப்பினுடையது என்று ஆர்பிஎம்மிடம் கேட்டாலும் அதற்குத் தெரியாது. 'ஃபைண்ட் /ஈடிசி -நேம் "*.ஆர்பிஎம்சேவ்"' என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மேம்படுத்தும்போது வரும் '.ஆர்பிஎம்நியூ' வேறு, அது உங்கள் கோப்பை விட்டுவைத்துவிட்டு, புதியதைப் பக்கத்தில் வைப்பது. இரண்டையும் ஒவ்வொன்றாகக் காட்டி முடிவு கேட்க 'ஆர்பிஎம்கான்ஃப்' என்ற கருவி இருக்கிறது.


ஆர்ச்வாசி:

ஆர்ச் லினக்ஸின் தொகுப்புக் கருவியான பேக்மேனும் கிட்டத்தட்ட இப்படித்தான், வால் மட்டும் '.பேக்சேவ்'. 'பேக்மேன் -ஆர்' கொடுத்தால், 'பேக்கப்' பட்டியலில் உள்ள கோப்புகளில் நீங்கள் திருத்தியவற்றை இப்படி மாற்றி வைக்கும். 'என்' சேர்த்தால் வைக்காமல் அழிக்கும். 'எஸ்' சேர்த்தால் வேறு யாருக்கும் தேவைப்படாத சார்புத் தொகுப்புகளும் போகும். மூன்றையும் ஒட்டி ஆர்என்எஸ் என்று கொடுப்பது எங்கள் ஊரில் கைப்பழக்கம். மிச்சங்களைப் பார்க்க 'பேக்டிஃப்'.


புதுநிர்வாகி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன், இங்கே மரியாடிபி ஓடுகிறது. மைஎஸ்கியூஎல்லை இப்போதைக்குத் தொடவில்லை.

ஒரு அடிப்படைக் கேள்வி. நிரல் இல்லாத வெறும் கான்ஃபிக்கை யாரும் படிக்கப்போவதில்லை. சில கிலோபைட் இடம். அப்படியே விட்டால் என்ன கெட்டுவிடும்?


இரவுப்பணி:

யாரும் படிக்கப்போவதில்லை என்பதுதான் தவறு. /ஈடிசியில் பாதி, தன் நிரலுக்காக எழுதப்பட்டதே இல்லை. மற்ற நிரல்கள் வந்து படிப்பதற்காக வைத்தது.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் கிரான்.டி, கிரான்.டெய்லி அடைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு போனாலும் அதன் கிரான் கோப்பு கான்ஃப்ஃபைல் என்பதால் அங்கேயே இருக்கும், கிரான் அதை ஓட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கொள்கைக் கையேடு, "நிரல் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு ஓடு" என்று கிரான் கோப்புகளுக்கு விதி வைத்திருக்கிறது. டெபியன் தொகுப்புகள் இதைப் பின்பற்றும். வெளியிலிருந்து வந்தவை பின்பற்றாவிட்டால், கோப்பு காணவில்லை என்று ரூட்டுக்கு மெயில் வந்து குவியும்.

இனிட்.டியும் அதே கதை. ஸ்கிரிப்ட் மிச்சம் இருந்தால், சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி அதைப் பார்த்துத் தானாகவே ஒரு சர்வீஸை உருவாக்கிவிடும். 'சிஸ்டம்சிடிஎல்' பட்டியலில் எப்போதோ போன நிரலின் பேய் நிற்பது இதனால்.

பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் லாக்ரொட்டேட்.டிதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. பதிவு எழுதும் நிரலான ஆர்சிஸ்லாக்கை எடுத்துவிட்டு சிஸ்லாக்-என்ஜிக்கு மாறுகிறீர்கள். பழையதன் லாக்ரொட்டேட் கோப்பு அங்கேயே இருக்கிறது. இரண்டு கோப்பும் /வார்/லாக்/சிஸ்லாக் என்ற ஒரே பதிவைச் சுழற்ற முயன்றால், ஒரே பதிவு இரண்டு இடத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று லாக்ரொட்டேட் பிழை சொல்லும். வட்டு நிரம்பிய பிறகு எட்டிப்பார்த்தால் ஒரு ஆர்சி தொகுப்பின் சில வரிகள்தான் காரணமாக இருக்கும்.


கருந்திரை:

வால் வைத்த கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். '.டிபிகேஜி-ஓல்ட்', '.டிபிகேஜி-டிஸ்ட்' போன்றவை. சில நிரல்கள் இவற்றை ஒதுக்கத் தெரிந்தவை. லாக்ரொட்டேட்டிடம் தள்ளவேண்டிய வால்களின் பட்டியலே இருக்கிறது. சூடோயர்ஸ்.டி அடைவில் பெயரில் புள்ளி இருந்தாலே சூடோ கண்டுகொள்ளாது. டெபியனின் கிரான்.டியும் புள்ளி வைத்த பெயரைத் தாண்டிப் போய்விடும்.

என்ஜின்எக்ஸ் அப்படியில்லை. டெபியனில் அது 'சைட்ஸ்-எனேபிள்ட்' அடைவில் நட்சத்திரக் குறி போட்டு இருப்பதையெல்லாம் படிக்கும். அங்கே யாராவது திருத்துவதற்கு முன் பிரதி எடுத்து '.ஓல்ட்' என்று வைத்தால் அதுவும் ஒரு சைட்தான், முட்டிக்கொள்ளும். அப்பாச்சி '.கான்ஃப்' என்று முடிபவற்றை மட்டும் எடுக்கும். ஒவ்வொரு நிரலும் எப்படி இன்க்ளூட் செய்கிறது என்று பார்க்காமல், வால் வைத்தால் செயலிழந்துவிடும் என்று நம்பக் கூடாது.


தொப்பிக்காரர்:

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மென்பொருள் களஞ்சியக் கோப்புகளுக்குத்தான். வெளியிடத்து பிரவுசரையோ எடிட்டரையோ நிறுவும்போது சோர்சஸ்.லிஸ்ட்.டி அல்லது யம்.ரெப்போஸ்.டி அடைவில் ஒரு களஞ்சியம் சேரும், அதற்கு ஒரு சாவியும் சேரும். நிரலை நீக்குகிறீர்கள், களஞ்சியம் இருக்கிறது. அடுத்த 'ஆப்ட் அப்டேட்' போதும் அங்கே போய்க் கேட்கும். அந்த இடத்தை நாளை யார் நடத்துவார்களோ தெரியாது, ஆனால் உங்கள் சிஸ்டத்துக்குத் தொகுப்பு அனுப்பும் உரிமை அவர்களிடம் இருக்கும். தொகுப்பின் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுகிறது என்று மேலே இரவுப்பணி சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். பர்ஜ் செய்தாலும் இந்தக் கோப்பு போகும் என்று சொல்ல முடியாது. பல நேரம் அதை நீங்களே கையால் உருவாக்கியிருப்பீர்கள்.


வெட்டிவிடு:

பார்த்தீர்களா, கடைசியில் எல்லோரும் என் பக்கம்தான் வருகிறீர்கள். மிச்சம் வைத்தால் தொல்லை!


டெபியன்தாத்தா:

நீ சொன்னதில் பாதி சரி. நீக்கும்போதே "இனி இது வேண்டாம்" என்று உறுதியாகத் தெரிந்தால் அப்போதே பர்ஜ் செய்துவிடுவது நல்லதுதான். என்ன நிறுவினோம், ஏன் என்பது நினைவில் இருக்கும் நேரம் அது. ஐந்து வருடம் கழித்து வேறொருவர் வந்து மொத்தமாகச் செய்வதுதான் ஆபத்து. என் கணக்கில் ரிமூவ் என்பது "யோசிக்கிறேன்" என்ற பதில், பர்ஜ் "முடிவெடுத்துவிட்டேன்" என்ற பதில். உன் ஆப்ட்::கெட்::பர்ஜ் அமைப்பு யோசிக்கவே விடாது. ஒரு தொகுப்புக்குப் பதில் இன்னொன்று வரும்போது, வெளியே போகும் பழையதும் பர்ஜாகிவிடும். சர்வரில் அதை நான் வைக்கமாட்டேன்.


சாளரம்:

டெஸ்க்டாப் பயனரின் கேள்வி. பர்ஜ் செய்தும் ஹோமுக்குள் .கான்ஃபிக் அடைவில் நிரலின் அமைப்புகள் அப்படியே இருக்கின்றன. அதற்கு என்ன கட்டளை?


ஆர்ச்வாசி:

கட்டளை இல்லை, இருக்கவும் கூடாது. ஹோம் என்பது பயனருடையது, தொகுப்பு மேலாளர் அங்கே கை வைப்பதில்லை. ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன் எல்லோருக்கும் இதில் ஒரே கருத்து. அந்தக் கோப்புகளைத் தொகுப்பு வைக்கவே இல்லை, நிரல் ஓடும்போது தானே உருவாக்கியது. பட்டியலில் இல்லாததை எப்படி அழிப்பது? ஒரே மெஷினில் பல பயனர்கள் இருக்கலாம், ஹோம் அடைவு நெட்வொர்க் வழியாக வேறு பத்து மெஷின்களோடு பகிரப்பட்டிருக்கலாம். இங்கே நீக்கியதால் அங்கே ஓடும் அதே நிரலின் அமைப்பு போகலாமா?

கையால்தான் அழிக்க வேண்டும். ஒழுங்கான நிரல் என்றால் எக்ஸ்டிஜி (டெஸ்க்டாப் பொதுத் தரநிலை) விதிப்படி நான்கு இடங்களில் தேடினால் போதும்: .கான்ஃபிக், .லோக்கல்/ஷேர், .லோக்கல்/ஸ்டேட், .கேஷ். கேஷை யோசிக்காமல் அழிக்கலாம். .லோக்கல்/ஷேரில் கவனம், மெயில் நிரல்கள் கடிதங்களையே அங்கே வைத்திருக்கும். பழைய நிரல்கள் எந்த விதிக்கும் அடங்காமல் ஹோமின் முற்றத்திலேயே புள்ளிக் கோப்பைப் போட்டிருக்கும். அழிப்பதற்கு முன் அடைவின் பெயரை மாற்றிவைத்து சில நாள் பாருங்கள்.


புதுநிர்வாகி:

என் சர்வருக்கு வருகிறேன். எந்த வரிசையில் செய்வது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


இரவுப்பணி:

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் /ஈடிசி முழுவதையும் டார் போட்டு வேறு மெஷினில் வையுங்கள். இன்னும் நல்லது 'ஈடிசிகீப்பர்' நிறுவுவது. /ஈடிசியை கிட் களஞ்சியமாக்கி, ஒவ்வொரு ஆப்ட் வேலைக்கு முன்னும் பின்னும் தானே கமிட் செய்யும். பர்ஜில் எந்தக் கோப்பு போனது என்று பிறகு பார்க்கவும் திரும்ப எடுக்கவும் முடியும். ஆனால் அதில் ஷேடோ (கடவுச்சொற்கள்) கோப்பும் டிஎல்எஸ் சாவிகளும் இருக்கும், எங்கேயும் புஷ் செய்துவிடாதீர்கள். இது /ஈடிசிக்கு மட்டும்தான் காவல், /வார்/லிப்புக்கு இல்லை. டேட்டாபேஸுக்குத் தனி டம்ப் எடுங்கள்.

பட்டியலுக்கு 'ஆப்ட் லிஸ்ட் "~சி"'. 2020இல் வந்த ஆப்ட் 2.0 முதல் இது உண்டு, உபுண்டு 20.04இல் கிடைக்கும். மேற்கோள்குறியை விடாதீர்கள், இல்லாவிட்டால் ஷெல் அதை 'சி' என்ற பயனரின் ஹோம் என்று நினைக்கப் பார்க்கும். அதைவிடப் பழைய சிஸ்டத்தில் ஆப்டிடியூடிலும் இதே குறி வேலை செய்யும்.

பிறகு கூறுபோடுங்கள். கெர்னல், லைப்ரரி ஒரு கூறு, அதை முதலில் முடித்தால் பட்டியல் பாதியாகிவிடும். மிஞ்சுவதில் ஒவ்வொன்றுக்கும் 'டிபிகேஜி --லிஸ்ட்ஃபைல்ஸ்' கொடுத்தால் மிச்சமிருக்கும் கோப்புகள் தெரியும். 'டிபிகேஜி --ஸ்டேட்டஸ்' கொடுத்தால் எம்டி5 மதிப்புகளோடு வரும். இப்போது உள்ள கோப்பின் மதிப்போடு ஒத்துப்போனால் யாரும் திருத்தவே இல்லை, தயங்காமல் அழிக்கலாம். மாறியிருந்தால் யாரோ யோசித்து எழுதியது, ஒருமுறை படித்துவிடுங்கள். போஸ்ட்ஆர்எம் பார்ப்பதை மேலேயே சொன்னேன். '--சிமுலேட்' கொடுத்தால் எந்தெந்தத் தொகுப்பு பர்ஜாகும் என்று மட்டும்தான் தெரியும், ஸ்கிரிப்ட் எதை அழிக்கும் என்று அது சொல்லாது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பேம் (லாகினைச் சரிபார்க்கும் பகுதி) சம்பந்தப்பட்டது ஏதாவது ஆர்சியில் இருந்தால், இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தே வைத்துக்கொண்டு செய்யுங்கள். லாகின் உடைந்தால் உள்ளே வர வழி இருக்கும்.


புதுநிர்வாகி:

செய்து முடித்துவிட்டேன், பெரும்பாலும். லைப்ரரிகளும் கெர்னல்களும் சத்தமில்லாமல் போயின. பிஎச்பி 5, 7 இரண்டுக்கும் /ஈடிசியில் பதிப்பு எண்ணோடு தனித்தனி அடைவு இருந்தது, பிஎச்பி.ஐஎன்ஐயில் முந்தையவர் மாற்றியிருந்த மெமரி வரம்பைக் குறித்துக்கொண்டு பர்ஜ் செய்தேன். எக்ஸிமை விட்டுவைத்திருக்கிறேன். அதில் சில முகவரிகளுக்கான திசைதிருப்பல் விதிகள் இருக்கின்றன, போஸ்ட்ஃபிக்ஸுக்கு அவற்றைக் கொண்டுபோனார்களா என்று விசாரிக்க வேண்டும்.

ஒரு விஷயம் புரியவில்லை. சில தொகுப்புகளைப் பர்ஜ் செய்யும்போது, அடைவு காலியாக இல்லை, அதனால் நீக்கவில்லை என்று டிபிகேஜி எச்சரித்தது. உள்ளே பார்த்தால் ஒரு விபிஎன் நிரலின் தனிச்சாவிகளும், இன்னொன்றில் வெளிப்படையாகக் கடவுச்சொல் எழுதிய கோப்பும் இருக்கின்றன. பர்ஜ் இவற்றை ஏன் அழிக்கவில்லை?


டெபியன்தாத்தா:

தொகுப்போடு வந்தவை அல்ல என்பதால். யாரோ கையால் உருவாக்கியது டிபிகேஜியின் பட்டியலில் இருக்காது, போஸ்ட்ஆர்எம் தனியாக அழித்தால் ஒழிய அது போகாது. அந்த எச்சரிக்கை வரிகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள், நீங்கள் கையால் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் அதுதான். சாவி இன்னும் எங்காவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் கோப்பை அழிப்பது போதாது, மறுமுனையில் ரத்து செய்யவேண்டும். கடவுச்சொல்லும் அப்படியே. ஈடிசிகீப்பர் போட்டிருந்தால் கிட் வரலாற்றிலும் அவை இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

பயனர் கணக்குகளையும் ஒரு பார்வை பாருங்கள். தொகுப்பு உருவாக்கிய சிஸ்டம் பயனர்கள் பர்ஜுக்குப் பிறகும் பாஸ்வேர்ட் கோப்பில் பெரும்பாலும் இருப்பார்கள். அவசரப்பட்டு அழிக்கவேண்டாம். அவர்களுக்குச் சொந்தமான கோப்பு ஏதாவது வட்டில் இருந்து, அதே யுஐடி (பயனர்) எண் நாளை இன்னொரு சர்வீஸுக்குப் போனால், அந்தக் கோப்புகளும் அதன் கைக்குப் போய்விடும். 'ஃபைண்ட்' கட்டளையில் '-யூசர்' கொடுத்துத் தேடி, ஒன்றும் இல்லை என்றால் மட்டும் எடுங்கள்.


சாளரம்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நிரல்களை நிறுவும் வேறு வழிகளான ஸ்னாப், ஃப்ளாட்பேக் இரண்டிலும் இதே ஆர்சி கதை உண்டா?


கருந்திரை:

இல்லை. 'ஸ்னாப் ரிமூவ்' தரவை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து, இயல்பாக 31 நாட்கள் வைத்திருந்து பிறகு தானே அழிக்கும். 'ஸ்னாப் சேவ்ட்' கொடுத்தால் பட்டியல் தெரியும், வேண்டாம் என்றால் நீக்கும்போதே '--பர்ஜ்'. ஃப்ளாட்பேக் எல்லாவற்றையும் ஹோமுக்குள் .வார்/ஆப் அடைவில் நிரலின் பெயரில் வைக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அது அப்படியே இருக்கும், '--டெலீட்-டேட்டா' சேர்த்தால் போகும். முன்பே நீக்கியவற்றுக்கு, நிரலின் பெயரைக் கொடுக்காமல் அதே தேர்வை மட்டும் கொடுத்துப் பாருங்கள், இப்போது நிறுவப்படாதவற்றின் அடைவுகளைக் காட்டி அழிக்கவா என்று கேட்கும்.